சின்ன அதிர்வு வந்தால் பெரியது வருமா? பட்டியலை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி

2025 பிப்ரவரி 17, காலை 5:36. டெல்லி ஆர்.கே.புரத்தில் மூன்றாவது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். கட்டில் ஆடியதை விட அந்தச் சத்தம்தான் எழுப்பிவிட்டது, ஏதோ லாரி வந்து கட்டடத்தில் மோதியது போல. பக்கத்தில் இருக்கும் தௌலா குவான்தான் மையம், அளவு 4.0, ஆழம் வெறும் 5 கிலோமீட்டர். சத்தம் கேட்டதற்கும் அதுதான் காரணம். ஆறு மணிக்குள் மதுரையிலிருந்து அத்தையின் வாட்ஸ்அப்: "இது டிரெய்லர்தானாமே, மெயின் பிக்சர் இனிமேத்தான் வருமாமே? லீவு போட்டுட்டு ஊருக்கு வந்துரு."

"யாருக்கும் தெரியாது அத்தை" என்று பதில் போட்டேன். உண்மைதான், ஆனால் உதவாத பதில். கொஞ்சம் நேரம் செலவழித்தால் இதைவிட நல்ல பதிலை யாரும் சொல்லலாம், அதற்குத் தேவையான தரவு எல்லாம் இலவசமாகவே கிடக்கிறது. எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, பார்த்த பிறகு என்ன செய்வது என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். நான் நிலநடுக்க நிபுணர் இல்லை, எக்செல் ஷீட்டோடு பிழைப்பு நடத்தும் ஆள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் பல பத்தாண்டுப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஓர் அதிர்வு வந்தால், அடுத்த சில நாட்களில் அதே இடத்தருகே அதைவிடப் பெரியது வர நூற்றுக்கு ஐந்து, ஆறு வாய்ப்பு. அதாவது நூற்றில் தொண்ணூற்று நான்கு தடவை ஒன்றும் நடக்காது. ஆனால் சாதாரண நாளில் அந்த வாய்ப்பு இதைவிட எத்தனையோ மடங்கு குறைவு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்பவர் அதிகாரி, இரண்டாவதை மட்டும் சொல்பவர் யூடியூபர்.

இன்னொன்று, "முன்னதிர்வு" என்ற பெயரே பின்னால் வைக்கிற பெயர். ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 2011 மார்ச் 9 அன்று 7.3 வந்தது. அதுவே பெரிய நிலநடுக்கம்தான், அதைத் தொடர்ந்து வந்ததையெல்லாம் பின்னதிர்வு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். 51 மணி நேரம் கழித்து, மார்ச் 11 மதியம் 2:46-க்கு 9.0 வந்ததும் அந்த 7.3 முன்னதிர்வாக மாறிவிட்டது. அதிர்வைப் பதிவு செய்த கோட்டில் "நான் முன்னதிர்வு" என்று எழுதியிருக்காது. அதை நாம் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கூட்டமாகப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

சரி, கூட்டமாகப் பார்ப்பது எப்படி?

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் தளத்தில் நிலநடுக்கப் பட்டியலைத் தேடும் பக்கம் இருக்கிறது. உலகம் முழுவதற்குமான பட்டியல். தேதி, குறைந்தபட்ச அளவு, வரைபடத்தில் ஒரு வட்டம் அல்லது கட்டம், இவ்வளவும் கொடுத்தால் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இந்தியாவின் சின்ன அதிர்வுகளுக்கு அது போதாது, 4-க்குக் கீழே நிறைய விடுபடும். அதற்கு டெல்லியில் இருக்கும் தேசிய நில அதிர்வு மையத்தின் தளம் இருக்கிறது, பூகம்ப் என்று அவர்களுடைய செயலியும் இருக்கிறது. ஜப்பான் என்றால் ஜப்பான் வானிலை மையம். அந்தந்த ஊர்க்காரர்கள்தான் அந்தந்த ஊரின் சின்ன அதிர்வுகளை நன்றாகப் பிடிப்பார்கள்.

இறக்கியதும் நேராக நேற்றைய நாளுக்குப் போகாதீர்கள். எல்லோரும் செய்கிற தவறு இதுதான். முதலில் பத்து, பதினைந்து வருடத்துக்கு எடுங்கள், மாதவாரியாக எண்ணிக்கை போடுங்கள். உங்கள் இடத்தின் வழக்கம் என்ன என்பது தெரியாமல் "அதிகமாகிவிட்டது" என்று சொல்ல முடியாது. டெல்லியில் 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் 3.5 ஒன்று வந்தது, அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் டெல்லியைச் சுற்றி ஒரு டஜனுக்கு மேல் வந்தன, மே கடைசியில் ரோதக் பக்கம் 4.5 வரை போனது. வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் எல்லோரும் எல்லாவற்றையும் உணர்ந்தோம், தொலைக்காட்சி விவாதங்களில் "பெரிசு" கட்டாயம் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். வரவில்லை. பழைய பட்டியலைப் பார்த்தால் இப்படிக் கொத்துக் கொத்தாக வந்து அடங்குவது இந்தப் பகுதியின் பழக்கம் என்று தெரியும்.

அடுத்தது கொஞ்சம் அலுப்பான வேலை, ஆனால் இதைத் தவிர்த்தால் மற்ற எல்லாம் வீண். அளவு ஒன்று குறைந்தால் எண்ணிக்கை சுமார் பத்து மடங்கு கூடும் என்பது உலகம் முழுக்கப் பொருந்தி வருகிற விதி, குட்டன்பெர்க்கும் ரிக்டரும் கண்டு சொன்னது. ஒரு பகுதியில் 5-க்கு மேல் 10 வந்திருந்தால், 4-க்கு மேல் 100, 3-க்கு மேல் 1,000 இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் 3-க்கு மேல் 250தான் இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு நிலம் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, கருவிகள் முக்கால்வாசியை விட்டுவிட்டன என்று அர்த்தம். எந்த அளவுக்குக் கீழே எண்ணிக்கை கூடுவது நிற்கிறதோ அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள், அதற்கு மேலே இருப்பதை மட்டும் எண்ணுங்கள். இதைச் செய்யாமல் "கடந்த ஐந்து வருடத்தில் நிலநடுக்கங்கள் மூன்று மடங்கு" என்று வரைபடம் போடுகிறவர்களுடைய மூன்று மடங்கு, பெரும்பாலும் புதிதாக வைத்த கருவிகளின் எண்ணிக்கைதான். பக்கத்து வீட்டில் சிசிடிவி வைத்த பிறகு தெருவில் பூனைகள் பெருகிவிட்டன என்று சொல்வது மாதிரி.

பட்டியலில் வேறு சில கண்ணிகளும் இருக்கின்றன. அமெரிக்கப் பட்டியலில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். மகாராஷ்டிரத்தின் கொய்னா நிலநடுக்கம் 1967 டிசம்பர் 10 என்று ஓரிடத்திலும் டிசம்பர் 11 என்று இன்னோரிடத்திலும் படித்துவிட்டு இரண்டு வந்ததோ என்று நான் குழம்பியிருக்கிறேன், ஒன்றுதான், நம் நேரத்தில் அது 11-ஆம் தேதி விடியற்காலை. ஆழம் என்ற பத்தியில் 10, 10, 10 என்று வரிசையாக வந்தால் அது அளந்த ஆழம் இல்லை, சரியாகக் கணிக்க முடியாதபோது கணினி போட்டுக்கொள்ளும் எண், அதை வைத்து "எல்லாம் ஒரே ஆழத்தில் வருகிறது, கீழே ஏதோ நடக்கிறது" என்று கதை கட்ட வேண்டாம். அப்புறம், முதல் சில நிமிடங்களில் வருவது தானியங்கிக் கணக்கு, ஒருவர் உட்கார்ந்து பார்த்த பிறகு அளவும் இடமும் மாறும். 4.4 என்று வந்து 4.0 ஆனால் யாரும் எதையும் மறைக்கவில்லை.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம், வடிவம். நாள்வாரியாக எண்ணிக்கையைக் கோடாகப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய அதிர்வுக்குப் பின் முதல் நாள் 100 வந்தால் இரண்டாம் நாள் 50, பத்தாம் நாள் 10 என்ற கணக்கில் இறங்கினால் அது சாதாரணப் பின்னதிர்வு வரிசை. ஒமோரி என்ற ஜப்பானியர் 1894-லேயே சொன்ன விதி, இன்றும் ஆச்சரியமாக வேலை செய்கிறது. பெரிய அதிர்வு என்று ஒன்று தனியாகத் தெரியாமல், ஏறக்குறைய ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் வாரக்கணக்காக வந்துகொண்டே இருந்தால் அது அதிர்வுக் கூட்டம். பெரும்பாலும் கீழே தண்ணீரோ எரிமலைக் குழம்போ நகர்வதால் வருவது. மூன்றாவது வகைதான் கவலைக்குரியது. இறங்க வேண்டிய கோடு இறங்காமல், பெரிய அதிர்வுகளின் பங்கு கூடிக்கொண்டே போவது, வழக்கமாகப் பத்துக்கு ஒன்று என்று இருந்த விகிதம் ஆறுக்கு ஒன்று என்று ஆவது. 2019-ல் சூரிச்சில் இரண்டு ஆய்வாளர்கள் இந்த விகித மாற்றத்தை வைத்து ஒரு டிராஃபிக் விளக்கு முறையையே முன்வைத்தார்கள், 2016-ல் இத்தாலியின் அமட்ரீச்சே, ஜப்பானின் குமமோட்டோ இரண்டுக்கும் அது பொருந்தியது. ஆனால் நடந்து முடிந்ததில் பொருத்திப் பார்ப்பது வேறு, நடந்துகொண்டிருக்கும்போது சொல்வது வேறு. சில நூறு அதிர்வுகளாவது கையில் இல்லாமல் அந்த விகிதத்தை நம்பகமாகக் கணக்கிடவே முடியாது, ஆகவே நான்கு அதிர்வை வைத்துக்கொண்டு வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இந்த மூன்று வகையும் நிஜத்தில் எப்படி முடிந்தன என்று பார்த்தால் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்பது புரியும்.

சீனாவின் ஹைசெங்கில் 1975 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து சின்ன அதிர்வுகள், மூன்று நாளில் நூற்றுக்கணக்கில், வரவரப் பெரிதாகின. 4-ஆம் தேதி பகலில் பல இடங்களில் மக்களை வெளியே வரச் சொன்னார்கள், அன்று மாலை 7:36-க்கு 7.3. சுமார் 2,000 பேர் இறந்தார்கள், குளிர்கால இரவில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்திருந்தால் பல மடங்கு ஆகியிருக்கும். நிலநடுக்கத்தைக் கணித்துவிட்டோம் என்று உலகமே கொண்டாடியது. அடுத்த வருடம் ஜூலை 28, அதே சீனாவில் டாங்ஷான். சொல்லும்படியான முன்னதிர்வே இல்லை. அரசுக் கணக்கிலேயே 2,42,000 பேர் இறந்தார்கள். முன்னதிர்வுக்காகக் காத்திருந்தால் இப்படியும் ஆகும்.

நம் ஊர்க் கதை கிள்ளாரி. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் 1992-ல் மாதக்கணக்காகச் சின்ன அதிர்வுகள், அக்டோபரில் ஒன்று 4-ஐயும் தாண்டியது. பயந்தார்கள், மனுக் கொடுத்தார்கள், அப்புறம் அடங்கியது, மறந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, 1993 செப்டம்பர் 30, கணபதி விசர்ஜனம் முடிந்து அசந்து தூங்கிய இரவு, விடியற்காலை நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் 6.2. உலகக் கணக்கில் 6.2 அப்படி ஒன்றும் ராட்சச அளவு இல்லை, கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய தடித்த சுவர்களும் கனமான மண் கூரையும்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றன. எச்சரிக்கை என்று சொன்னால் இருந்தது, ஆனால் பதினோரு மாதம் யார் வெளியே படுப்பார்கள்?

இதற்கு நேர் எதிர் பால்கர். அதே மகாராஷ்டிரம், 2018 நவம்பரிலிருந்து ஆயிரக்கணக்கில் அதிர்வுகள், மக்கள் கூடாரங்களில் தூங்கினார்கள். பெரியது 4-ஐ ஒட்டியே நின்றது. சாண்டோரினியும் அப்படித்தான். 2025 ஜனவரி கடைசியில் தொடங்கி ஆயிரக்கணக்கான அதிர்வுகள், அந்தக் கிரேக்கத் தீவுக்காரர்கள் பதினோராயிரம் பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினார்கள். 1956-ல் பக்கத்து அமோர்கோஸில் 7-க்கு மேல் வந்த நினைவு அவர்களுக்கு இருந்தது, போனது தப்பே இல்லை. 5.3-க்கு மேல் போகாமல் அடங்கியது. கீழே எரிமலைக் குழம்பு நகர்ந்திருக்கிறது.

2025 ஜூலை மாத ஜப்பான் வதந்தியை நம்மாட்கள்கூட வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைப் புத்தகம் ஒன்றில் ஜூலையில் பேரழிவு என்று இருக்கிறதாம், சரியாக அதே நேரத்தில் தெற்கே டொகாரா தீவுகளில் ஆயிரத்துக்கு மேல் அதிர்வுகள். டொகாராவில் கூட்டமாக வந்தால் வேறெங்கோ பெரிதாக வரும் என்று அங்கே ஒரு நம்பிக்கை வேறு உண்டு. மக்கள் உணரும் அதிர்வே வருடத்துக்குச் சுமார் 2,000 வருகிற நாட்டில், எதற்குப் பின்னாலும் ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். சொன்ன நாளில் ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு இதில் மிகவும் பாடம் சொல்வது இத்தாலியின் லாக்விலாதான். அங்கே பல மாதங்களாகச் சின்ன அதிர்வுகள், 2009 மார்ச் 30 அன்று 4.1. மறுநாள் நிபுணர் குழு கூடியது. அந்தச் சமயத்தில் அரசு அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில், இப்படிச் சின்னதாக வந்துகொண்டே இருந்தால் ஆற்றல் வெளியேறிவிடும், நல்லதுதான் என்ற தொனியில் பேசிவிட்டார். அது தவறு. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு, இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. ஒரு 7-இன் ஆற்றலைத் தீர்க்க 5 அளவில் ஆயிரம் வர வேண்டும், 3 அளவில் பத்து லட்சம் வர வேண்டும். பிரஷர் குக்கர் விசில் மாதிரி பூமி கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட்டுக்கொள்ளாது. லாக்விலாவில் பழைய பழக்கம் ஒன்று இருந்தது, அதிர்வு உணர்ந்தால் அன்றிரவு வெளியே சதுக்கத்தில் போய்த் தங்குவது. ஏப்ரல் 5 இரவு பதினொரு மணிக்குச் சற்று முன் 3.9, நள்ளிரவு தாண்டி இன்னொன்று 3.5. டிவியில் கேட்டதை நம்பிப் பலர் வீட்டிலேயே படுத்தார்கள். விடியற்காலை 3:32-க்குப் பெரியது வந்தது, 309 பேர் இறந்தார்கள். 2012-ல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறு ஆண்டு சிறை என்று தீர்ப்பு, 2014 மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுதலை, அதிகாரிக்கு மட்டும் இரண்டு ஆண்டாகக் குறைந்து நின்றது. கணிக்கவில்லை என்பதற்காகத் தண்டனை என்று செய்திகள் வந்தன, உண்மையில் வழக்கு, தெரியாத இடத்தில் ஆறுதல் சொன்னதைப் பற்றியது. வெளியே போய்த் தங்கும் அந்தப் பழைய பழக்கம் அறிவியலுக்கு அப்படி ஒன்றும் எதிரானது இல்லை. வீடு பழசு, வாய்ப்பு கூடியிருக்கிறது, ஓரிரவு வெளியே தங்க ஆகும் செலவு ஒரு போர்வை. போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

ஜப்பான் இந்தக் கணக்கை அரசு நடைமுறையாகவே ஆக்கியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 8 அன்று ஹியூகா கடலில் 7.1 வந்ததும், ஜப்பானின் தெற்குக் கடலடியில் இருக்கும் நான்காய்ப் பள்ளத்தில் மாபெரும் நிலநடுக்கத்துக்கான எச்சரிக்கைக் குறிப்பை முதன்முதலாக வெளியிட்டார்கள். ஒரு வாரத்துக்கு ஆயிரத்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு சில நூற்றில் ஒன்றாக உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் சொன்னார்கள். யாரையும் ஊரைவிட்டு ஓடச் சொல்லவில்லை. அலமாரி கட்டியிருக்கிறதா பாருங்கள், எங்கே ஓடுவது என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள், ரயில் சில இடங்களில் மெதுவாகப் போகும். பிரதமர் வெளிநாட்டுப் பயணத்தை ரத்து செய்தார். கடைகளில் தண்ணீர் பாட்டில் தீர்ந்தது. ஆகஸ்ட் 15 மாலை குறிப்பை எடுத்துவிட்டார்கள். ஒன்றும் வரவில்லை, ஆனால் ஏமாற்றிவிட்டீர்கள் என்று கோபப்படும் அளவுக்கு யாரிடமும் எதையும் கேட்கவும் இல்லை.

ஆகவே உங்கள் ஊரில் அதிர்வு உணர்ந்தால் நான் சொல்வது இதுதான். அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, எப்படியும் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்யுங்கள், முதல் மூன்று நாளில்தான் வாய்ப்பு அதிகம், அப்புறம் வேகமாகக் குறையும். கட்டில் தலைமாட்டில் தொங்கும் படம், பரண் மேல் இருக்கும் அண்டா, அலமாரி உச்சியில் இருக்கும் மிக்சி டப்பா, எல்லாம் கீழே இறங்கட்டும். பீரோவைச் சுவரோடு ஆங்கிள் போட்டு முடுக்குங்கள். சிலிண்டர் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும், உடைந்த கண்ணாடி மேல் இருட்டில் நடக்கக்கூடாது. ஆடும்போது மேசைக்கடியில் குனிந்து தலையை மூடிப் பிடித்துக்கொள்வது, மாடிப்படியில் ஓடுவதை விட நல்லது. சுவரில் புதிதாக விரிசல் விழுந்திருந்தாலோ வீடு கல்-மண் கட்டடமாக இருந்தாலோ மட்டும் சில நாள் வேறு இடத்தில் படுங்கள், இதற்கு வெட்கப்படத் தேவையில்லை. போனில் வரும் நிலநடுக்க எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் திறந்து வையுங்கள். ஆனால் அது கணிப்பு இல்லை, நிலநடுக்கம் தொடங்கிய பிறகு அலை உங்களை அடைவதற்குள் கிடைக்கும் சில வினாடிதான்.

நாய் குரைத்தது, மேகம் நீளமாக இருந்தது, பௌர்ணமி என்று வருவதை எல்லாம் படித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். "ரொம்ப நாளாக அமைதியாக இருக்கிறது, ஆகவே இப்போது வரும்" என்பது மட்டும் கொஞ்சம் மரியாதைக்குரியது, அதையும் கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சராசரியாக 22 வருடத்துக்கு ஒருமுறை வரும் இடம், 1966-க்குப் பிறகு 1993-க்குள் வரும் என்று சொல்லி நிலமெங்கும் கருவி புதைத்துக் காத்திருந்தார்கள். 2004-ல் வந்தது. அத்தனை கருவிகளிலும் முன்கூட்டித் தெளிவான அறிகுறி ஒன்றும் பதிவாகவில்லை.

பிப்ரவரியில் வந்த அந்த 4.0-க்குப் பிறகு டெல்லியில் பெரிதாக எதுவும் வரவில்லை. ஜூலை 10 காலை ஒன்பது மணிக்கு ஹரியானாவின் ஜஜ்ஜரில் 4.4 வந்தது, இங்கேயும் நன்றாகவே ஆடியது. அத்தையிடமிருந்து உடனே செய்தி. இந்த முறை பதினைந்து வருட வரைபடம், கோடு, விகிதம் எல்லாம் சேர்த்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, நூற்றுக்கு ஐந்து என்று விளக்கி நீளமாக ஒரு வாய்ஸ் நோட்டும் போட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது: "அதெல்லாம் இருக்கட்டும், பீரோவுக்கு ஆங்கிள் அடிச்சியா இல்லையா?"

அடிக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் டிரில்லிங் மெஷின் கடன் வாங்கினேன்.